மாடலைத் திரையில் மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள்

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண மாடலிங் கற்கிறீர்களா? விஆர் ஹெட்செட் (மெய்நிகர் உலகைக் காட்டும், தலையில் மாட்டும் கருவி) கிடைத்தால், மாடலின் அளவைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். திரையில் நாற்காலியும் பொம்மை நாற்காலியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹெட்செட்டுக்குள் போனால் அது முழங்காலுக்கு வருகிறதா, இடுப்புக்கு வருகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

பிளெண்டர் 2.83 பதிப்பிலிருந்து (2020) 'விஆர் சீன் இன்ஸ்பெக்‌ஷன்' என்ற ஆட்-ஆன் (கூடுதல் வசதி) இருக்கிறது; மாடலை ஹெட்செட்டில் பார்க்க இதுதான் உதவும். அதை இயக்குவதற்கு முன் ஒரு வேலை: அலகை மீட்டரில் வைத்து, கன்ட்ரோல்+ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள் (பெரிதாக்கிய அல்லது சிறிதாக்கிய அளவே மாடலின் உண்மை அளவாகப் பதியும்). இருக்கையின் உயரம் 0.45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அறையில் உள்ள நிஜ நாற்காலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம் குனிந்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். திறந்து கிடக்கும் பரப்புகள், பொருந்தாத மூட்டுகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காற்றிலேயே வரைந்து பழக கிராவிட்டி ஸ்கெட்ச் என்ற விஆர் வரைதல் செயலி நல்லது. வளைவுகள் கைக்கு இயல்பாக வரும். ஆனால் மில்லிமீட்டர் துல்லியம் வேண்டிய வேலைக்கு மவுஸும் கீபோர்டும்தான் என் தேர்வு. அந்தரத்தில் கை நடுங்கும், சீக்கிரம் வலிக்கும்.

ஹெட்செட்டில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதலில் லென்ஸ்களின் இடைவெளியை உங்கள் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் இதற்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகள் உண்டு. தொடக்கத்தில் உட்கார்ந்தே 15 நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள்.