ஆறு மாதக் குழந்தைக்கு முதல் கேழ்வரகுக் கூழ்: தண்ணீராகக் காய்ச்ச வேண்டாம்

கருவிலிருக்கும்போதே சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறாம் மாத வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடுவதாலும், அதன்பின் வளர்ச்சிக்குத் தாய்ப்பால் மட்டும் போதாததாலும், குழந்தைக்கு 180 நாள் நிறைந்தவுடன் இணை உணவைத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுக்கு மேலும் தொடரலாம். கழுத்து நின்று, பிடித்துக்கொண்டால் உட்காரும் குழந்தை, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்கினால் அது தயார்.

முதலில் மாவு. கேழ்வரகைக் களைந்து, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால், கடலூர், புதுச்சேரி வெக்கைக்கு ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். அதை நன்கு உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, தேய்த்துப் புடைத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மொட்டைமாடியை நம்பினால் பூசணம் பிடித்துவிடும். மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, ஈரம் போக வறுப்பதே மேல். முளைகட்டிய மாவைச் சற்றுக் கூடுதலாகப் போட்டாலும் கூழ் கட்டியாகாது. இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டும் குறைகிறது.

அடுத்து காய்ச்சுதல். இரண்டு மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் ஆறிய நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஓடிவிடாமல் மெதுவாக வழிய வேண்டும். செரிக்காது என்று பயந்து, நீர்க்கக் கரைத்துப் பால்புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. குழந்தையின் வயிறு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிதான் கொள்ளும் என்பதால், ஏழு கிலோ குழந்தைக்கு 200 மில்லி கஞ்சித் தண்ணீரிலேயே வயிறு நிறைந்துவிடும், சத்தோ மிகக் குறைவாகவே சேரும். அரைத் தேக்கரண்டி நெய் சேர்த்தால் அதே அளவு கூழில் ஆற்றல் கூடும்.

இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் கொடுங்கள். புதிய உணவை ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளியில் சேர்த்தால், ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியும்.

இரும்புக்கு. கூழோடு நின்றுவிடக் கூடாது. நன்கு வெந்த முட்டை, மசித்த கோழி ஈரல் சிறிதளவு, பருப்பு, கீரை ஆகியவற்றைச் சேர்க்கலாம். பருப்பிலும் கீரையிலும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் புதிதாக வரும் பாறை மீனை ஆவியில் வேகவைத்து, விரல்நுனியால் உதிர்த்து முள் தேடியபின் ஊட்டுங்கள். பாதரசம் கூடுதலாக இருக்கும் சுறா வேண்டாம். மல்லாட்டையை (நிலக்கடலையை) நைசாக அரைத்துக் கூழில் கலக்கலாம், முழுதாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

ஒரு வயது வரை தேன் கூடாது, உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. கடலூர் மாவட்ட அங்கன்வாடிகளில் ஆறு மாதம் முதல் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்தே இருப்பதால், வீட்டில் இனிப்புச் சேர்க்க வேண்டாம். ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி வீதம் கொடுக்கும் அரசின் இரும்புச்சத்து சிரப்பையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.