குடியை விட்டவர் மறுபடியும் குடிக்காமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம்

குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர் முதல் சம்பள நாளிலேயே குவாட்டரோடு வந்து நின்றால், 'இவன் திருந்தவே மாட்டான்' என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. என் அண்ணனை நாங்களும் அப்படித்தான் பேசினோம். அது தப்பு.

குடியை நிறுத்தியதும் வரும் கை நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், ஆனால் தூக்கம் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், பழைய கடை, பழைய நேரம், பழைய கூட்டாளி எதையும் மூளை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. அண்ணன் மறுபடி குடித்ததற்குப் பத்து நாள் முன்பே ராத்திரி சாப்பாட்டைத் தவிர்த்தார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அதனால் முதல் வேலை, அவரோடு உட்கார்ந்து எந்த நாள், எந்த நேரம், யாரோடு, என்ன மனநிலையில் குடிப்பார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரும் வழியில் டாஸ்மாக் இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேறு தெருவில் நடக்கட்டும். சம்பளத்தை யார் கையில் கொடுப்பது என்பதை அவரே சொல்லட்டும், பிடுங்கினால் வீம்புதான் வளரும். துக்க வீடு, கல்யாணம் என்றால் அவரோடு ஒருவர் போய் இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிடுங்கள்.

ஆசை வந்தால் முதலில் வயிற்றுக்குச் சாப்பாடு. பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கும்தான் பெரும்பாலும் இழுக்கும். ஆசை அலை மாதிரி ஏறி, பொதுவாக அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், அதுவரை யாராவது பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலப்பது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்புரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மனநல மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, ஒரு நாள் குடித்துவிட்டார், அப்புறம்? 'போனது போச்சு' என்று அவர் நினைப்பதுதான் ஒரு கட்டிங்கை ஒரு வாரக் குடியாக்குகிறது, நாம் கத்துவது அந்த நினைப்புக்குத் துணை போகிறது. போதை தெளிந்ததும் திட்டாமல் அந்தத் தாளை எடுத்து, எந்த இடத்தில் விட்டோம் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள், மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பும் பிதற்றலும் வரலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.