கமோட் அடியில் ஈரமா? சிமெண்ட் டப்பாவைத் தொடாதீங்க

ஃபிளஷ் டேங்க் ஒழுகினால் அதன் அடித் துளையை அடைக்கும் ரப்பர் வாஷரை மாற்றணும் என்பது தெரியாதவர் இல்லை. அதை விடுவோம். புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்து காசைக் கரைக்கும் வேலைகள் வேறு.

சோதிக்காமல் வாஷர் வாங்குவது

முதலில் டேங்க் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்க. ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே நிற்கணும். குழாய்க்குள் வழிந்தால் கோளாறு பால் வால்வில், அதாவது டேங்க் நிறைந்ததும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வில். வாஷரை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. மட்டம் சரியென்றால் அரை ஸ்பூன் கேசரி பவுடரை டேங்கில் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாமல் பார்த்துக்குங்க. கோப்பையில் கலர் இறங்கினால் வாஷர் பக்கம்தான் கசிவு. ஆனால் உப்பு போர் தண்ணீர் ஓடும் வடசென்னைத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் வாஷர் நன்றாகவே இருந்து, அது உட்காரும் விளிம்பில் உப்பு படிந்திருப்பதும் உண்டு. வினிகர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்க. டாய்லெட் ஆசிட் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

அடியைச் சுற்றிப் பூசி மூடுவது

எரிச்சலூட்டுவது இதுதான். தரையில் ஈரம் தெரிந்ததும் ஒயிட் சிமெண்டோ எம்-சீலோ வாங்கிக் கமோட் காலைச் சுற்றி அப்பிவிடுகிறார்கள். தரை காய்ந்துவிடும், கசிவு நிற்காது. போக வழியில்லாத தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கி, ஸ்லாப்பை நனைத்து, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஹவுசிங் போர்டு குடியிருப்பென்றால் சில மாதத்தில் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டுவார்: "இன்னாப்பா, எங்க பாத்ரூம் மேல சொட்டிக்கினே இருக்குது!" அப்புறம் செலவு இரண்டு வீட்டுக்கும்.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, டேங்குக்குத் தண்ணீர் வரும் கனெக்ஷன் பைப், டேங்க் போல்ட், கமோட் பின்புறம் மூன்றிலும் நியூஸ்பேப்பர் துண்டு வையுங்க. ஃபிளஷ் பண்ணாமலே நனைந்தால் மேலிருந்து வழிகிறது. பெரும்பாலும் பைப் வாஷரோடு வேலை முடிந்துவிடும். ஃபிளஷ் பண்ணும்போது மட்டும் பின்புறப் பேப்பர் நனைந்தால் கமோட் நாலு இஞ்ச் கழிவுப் பைப்போடு சேரும் இடம் விட்டிருக்கிறது. சுவரில் டேங்குக்குத் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, கோப்பைத் தண்ணீரை ஒற்றியெடுத்து, பைப்பைக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்து, இரண்டு பேராகக் கமோடைத் தூக்குங்க. கழிவுப் பைப் வாயில் உடனே துணி அடையுங்க. உள்ளே ரப்பர் கனெக்டர் விறைத்துப்போயிருக்கும். அல்லது பழைய டைல்ஸ் மேல் புதுசு ஒட்டியதில் பைப் வாய் தரைக்குக் கீழே போயிருக்கும். அதற்குப் பைப்பை நீட்டாமல் புதுக் கனெக்டர் மட்டும் போட்டால் எட்டாது.

துணியை எடுத்துவிட்டு மாட்டி, ஐந்தாறு தடவை ஃபிளஷ் பண்ணிப் பார்த்த பிறகே சிலிக்கான். அதுவும் முன்னும் பக்கமும் மட்டும். பின்னால் இரண்டு இஞ்ச் விட்டுவிடுங்க. மறுபடி கசிந்தால் கீழ்வீட்டுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியணும்.

பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனரால் முறுக்குவது

கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் பங்கு சுற்று. போதும்.

திரும்பாத ஆங்கிள் காக்கோடு மல்லுக்கட்டுவது

உடைந்தால் பாத்ரூம் முழுக்கத் தண்ணீர். மொட்டைமாடி டேங்க் வால்வை மூடிவிட்டு வந்து தொடுங்க.