குறை மாவுச்சத்து உணவில் எல்டிஎல் ஏறினால்: ரிப்போர்ட்டைப் படிப்பதும் தட்டைத் திருத்துவதும்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருக்கும். எடை இறங்கியிருக்கும், சர்க்கரை அளவு குறைந்திருக்கும், ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் நன்றாகச் சரிந்திருக்கும். அந்த மகிழ்ச்சியில் ரிப்போர்ட்டில் இருக்கும் எல்டிஎல் (ரத்தக்குழாயில் படியும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) வரியைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அது ஏறியிருந்தால் ‘இந்த டயட்டில் அப்படித்தான் காட்டும்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பயந்துபோய் மறுநாளே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பவும் வேண்டாம். மாவுச்சத்தை எடுத்த இடத்தில் எந்தக் கொழுப்பை வைத்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தொடங்கும் முன்

பழைய எண் கையில் இல்லாமல் புதிய எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் டயட் தொடங்கும் முன்பே லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புச் சோதனை), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு) ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்டிஎல் ஏறும். அது தெரியாவிட்டால் பழி முழுவதும் சாப்பாட்டின் மேல் விழும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகக் கூடாது. இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைத்த முதல் நாளிலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டோஸை மருத்துவர் குறைத்துக் கொடுத்த பிறகே தட்டை மாற்ற வேண்டும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளுடன் கடுமையான கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகமிகக் குறைத்த உணவு) சேர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்து நின்றால் தலைசுற்றலாம், அங்கும் டோஸ் திருத்தம் தேவைப்படும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், டைப் 1 நீரிழிவு அல்லது சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

எவ்வளவு குறைப்பது? நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே அது குறை மாவுச்சத்து உணவு. 20 முதல் 50 கிராம் என்பது கீட்டோ. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இறங்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், 80 முதல் 120 கிராமில் தொடங்குவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. அந்த அளவில் பருப்பு, பயறு, கொஞ்சம் பழம் எல்லாம் தட்டில் இருக்கும். எல்டிஎல்லைக் குறைக்க அவைதான் துணை.

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கிளைகோஜன் தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியேற்றும். தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன. ஒரு கிண்ணம் உப்புப் போட்ட சூப் குடித்தால் பலருக்குச் சரியாகிவிடும். இதய, சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

எப்போது சோதிப்பது

எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த எல்டிஎல்லை நம்ப முடியாது, கொழுப்பு கரையும் காலத்தில் அது தற்காலிகமாக மாறும். 8 முதல் 12 வாரம் ஆகி, எடை இரண்டு மூன்று வாரமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு எடுங்கள். 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனால் போதும். நாள் முழுக்க விரதமிருந்து போகாதீர்கள். காய்ச்சல் வந்து தேறிய கையோடும் போகாதீர்கள், நோயின்போது எல்டிஎல் குறைத்துக் காட்டும். முன்பு எடுத்த லேபிலேயே எடுப்பது நல்லது.

எண்களைப் படிப்பது

பல லேப்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டே தருகின்றன. 1972 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃப்ரீடுவால்டு சூத்திரம் இது: மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லையும் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

உதாரணத்துக்கு, டயட்டுக்கு முன் ஒருவருக்கு மொத்தம் 210, எச்டிஎல் 40, ட்ரைகிளிசரைடு 250 என்று வைத்துக்கொள்வோம் (எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்). எல்டிஎல் 210 − 40 − 50 = 120. மூன்று மாதம் கழித்து மொத்தம் 250, எச்டிஎல் 55, ட்ரைகிளிசரைடு 90. எல்டிஎல் 250 − 55 − 18 = 177. ட்ரைகிளிசரைடும் எச்டிஎல்லும் அழகாகத் திருந்திவிட்டன. இனி மொத்தத்தில் இருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: முன்பு 170, இப்போது 195. நான்-எச்டிஎல் எனப்படும் இந்த எண், ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் காட்டுவது. அதுவும் ஏறிவிட்டதால் இந்த ரிப்போர்ட்டை நல்ல ரிப்போர்ட் என்று சொல்ல முடியாது.

‘எச்டிஎல் ஏறிவிட்டதே, அது காப்பாற்றும்’ என்பார்கள். எச்டிஎல்லை உயர்த்தவென்றே கொண்டுவந்த மருந்துகள் எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை. ‘எல்டிஎல் துகள் பெரிதாக இருந்தால் ஆபத்தில்லை’ என்பது இன்னொரு சமாதானம். பெரிய துகளும் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும். சந்தேகம் இருந்தால் இந்தத் துகள்களின் மேலிருக்கும் புரதத்தை அளக்கும் அபோபி டெஸ்ட் எடுங்கள். ஒரு துகளுக்கு ஒரு அபோபி என்பதால் அது துகள்களையே எண்ணிச் சொல்லிவிடும்.

தட்டைத் திருத்துவது

கல்லீரல் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள்தான் எல்டிஎல்லை ரத்தத்தில் இருந்து பிடித்து இழுத்துக்கொள்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகி, எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

ஒரு நாள் சாப்பிடுவதை அப்படியே எழுதிக் கூட்டிப் பாருங்கள். காலையில் காபியில் இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், அதில் நிறைவுற்ற கொழுப்பு 14 கிராம். மதியம் மூன்று முட்டையில் 5 கிராம், அதைப் பொரித்த ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் 11 முதல் 12 கிராம். மாலையில் 60 கிராம் சீஸ், அதில் 11. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே 40 தாண்டிவிட்டது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலே எல்லை 22 கிராம்தான்.

இப்போது காபியில் வெண்ணெயை நிறுத்துங்கள், 14 போயிற்று. முட்டையை ஆலிவ் எண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ செய்யுங்கள், 12 இருந்த இடத்தில் 2 கிராம் சொச்சம். சீஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி பாதாம், 11 இருந்த இடத்தில் ஏறக்குறைய 1. மாவுச்சத்து அதிகம் கூடாமலேயே கணக்கு பத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. முட்டையில் நாம் கை வைக்கவே இல்லை என்பதையும் பாருங்கள். உணவில் உள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களுக்கு எல்டிஎல்லை ஏற்றுவது கொஞ்சம்தான்.

அடுத்தது கரையும் நார்ச்சத்து. கீட்டோவில் முதலில் காணாமல் போவது இதுதான். நாளுக்கு 5 முதல் 10 கிராம் சேர்த்தால் எல்டிஎல் ஐந்து சதவீதம் போல இறங்கும். இசப்கோல் உமி இதற்கு வசதியானது. ஒரு டீஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும், மலமும் இறுகும். மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபியைக் கொதிக்கவைத்து அப்படியே குடிக்கிறவர்கள் காகித ஃபில்டருக்கு மாறலாம். எல்டிஎல்லை ஏற்றும் காஃபெஸ்டால் என்ற காபிப் பொருள் அந்தக் காகிதத்தில் தங்கிவிடும்.

ஒல்லியான உடல்வாகு, கடுமையான கீட்டோ, எச்டிஎல் 80-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 70-க்குக் கீழ், ஆனால் எல்டிஎல் 200-ஐத் தாண்டி நிற்கிறது என்றால், எண்ணெயை மாற்றுவது மட்டும் போதாமல் போகலாம். இவர்கள் பருப்பு, பழம், கிழங்கு வழியாக 50 முதல் 100 கிராம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், பலருக்கு எல்டிஎல் அதிலேயே பெரிதாக இறங்கிவிடுகிறது. எந்த மாற்றமானாலும் 6 முதல் 8 வாரம் விட்டு மறுபடி சோதியுங்கள்.

எல்டிஎல் 190-க்கு மேலேயே நின்றால், அல்லது அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், சமையலறையில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் கோளாறு உணவால் மட்டும் கட்டுக்குள் வராது. ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்கள் டயட் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையோடேயே புதிய ரிப்போர்ட்டை எடுத்து, அதையும் பழையதையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.