திருகோணமலையிலிருந்து காலி நகர மைதானத்துக்கு: முதன்முறை டெஸ்ட் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் ஊர் பிரெட்ரிக் கோட்டை வாசலில் மான்களைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கோட்டை புதிதல்ல. ஆனால் கோட்டை மதிலில் உட்கார்ந்து டெஸ்ட் போட்டி பார்க்க ஆசையென்றால் தென்கரையிலுள்ள காலிக்குத்தான் போக வேண்டும். இம்முறை என் மருமகன் தனியாகக் கிளம்புகிறான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள். ஐந்து நாளில் என் தெரிவு மூன்றாம் நாள். ஆடுகளம் காய்ந்து, பந்து தரையில் பட்டதும் நன்றாகத் திரும்பத் தொடங்கியிருக்கும். ஐந்தாம் நாள்தான் விறுவிறுப்பு என்று நம்பி ஒருமுறை போனேன். ஆட்டம் அதற்கு முந்தின நாளே முடிந்துவிட்டது, வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மழைக் கணக்கும் அங்கே வேறு. நமக்கு மாரி ஐப்பசி, கார்த்திகையில். அவர்களுக்கு வைகாசியிலேயே தென்மேற்குப் பருவமழை. இங்கே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது பயணம். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையம் வரை போய், அங்கேயே காலி ரயிலுக்கு மாறுங்கள். ஏறியதும் போகும் திசைக்கு வலப்பக்கம் இடம் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். இடப்பக்கம் அகப்பட்டவருக்கு வீட்டு மதில்களும் கொடியில் காயும் சாரங்களும்தான் காட்சி. காலியில் இறங்கினால் மைதானம் நடை தூரம். ஓட்டோ வேண்டாம்.

ஆட்டம் வழக்கமாகக் காலை 10 மணிக்குத் தொடங்கும். டிக்கெட் எடுத்து உள்ளே போவதா, மதிலில் ஏறுவதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் செய்யுங்கள். காலையில் உள்ளே, தேநீர் இடைவேளைக்குப் பிறகு மதிலில். உள்ளே இருந்தால் பந்து மட்டையில் படும் ஓசை கேட்கும். பப்பரே இசைக்குழு ட்ரம்பெட்டும் மேளமுமாக ஓவருக்கு ஓவர் காதைப் பிளக்கும். மதிலுக்கு டிக்கெட் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய பக்கம் நில்லுங்கள். அங்கிருந்து பந்து திரும்புவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழற்பந்து வீச்சாளர் வந்ததும் களத்தடுப்பாளர்கள் துடுப்பாட்ட வீரரைச் சுற்றி ஒவ்வொருவராகக் குனிந்து நெருங்குவார்கள். வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுகூடுவது போலிருக்கும். அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்பது அதிலேயே புரிந்துவிடும். மதில் ஓரத்தில் தடுப்புக் கம்பியை எதிர்பார்க்காதீர்கள், காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். பொலிஸார் இறங்கச் சொன்னால் வாதாட வேண்டாம்.

கொஞ்சம் கதையும் தெரிந்து போனால் நல்லது. 1876இல் குதிரைப் பந்தயத் திடலாகத் தொடங்கிய இடம் இது. முதல் டெஸ்ட் 1998இல். 2004 சுனாமி என்ன செய்திருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2007 டிசம்பரில்தான் மீண்டும் டெஸ்ட் ஆடினார்கள். 2010 ஜூலை 22 அன்று நம் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் இங்கேதான் இந்தியாவின் ஓஜாவை வீழ்த்தி 800 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார். விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நின்று பந்தைப் பிடித்தவர் மஹேல ஜயவர்தன.

மதிய இடைவேளை 40 நிமிடம்தான். அதற்குள் கோட்டையைச் சுற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள்; வெளிச்சவீட்டுப் பக்கமெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் காலையிலேயே நிலையத்தில் கேட்டு வையுங்கள். வெளிச்சம் மங்கி நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தும்வரை மதிலைவிட்டு யாரும் எழும்ப மாட்டார்கள், நீங்களும்தான்.