ஆரி வேலை ஆர்டரில் மூழ்கிப் போகாமல் இருக்க: வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

வீட்டில் ஃப்ரேம் போட்டு ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி) செய்கிறவர்கள் தொழிலை விடுவதற்கு, நான் பார்த்தவரை, ஆர்டர் இல்லாதது காரணமாக இருப்பதில்லை. முகூர்த்த மாதத்தில் வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டு, ராத்திரி ஒரு மணி வரை கல் ஒட்டி, கடைசியில் ஊசியைப் பார்த்தாலே வெறுப்பு வந்துதான் விடுகிறார்கள். ஊக்கம் தரும் வீடியோ பார்த்தெல்லாம் இது சரியாகாது. ஆர்டர் எடுக்கும் முறையை மாற்ற வேண்டும்.

படி 1: அசதியா, அதற்கு மேலா?

ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டால் அது அசதிதான், விடுங்கள். பர்ன்அவுட் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019ல் அதை நோய் என்று சொல்லாமல், வேலை அழுத்தம் நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் போவதால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. தெம்பே இல்லாமல் போவது, வேலையை விட்டு மனம் விலகுவது, செய்வது எதுவும் உருப்படியாக வரவில்லை என்று தோன்றுவது என மூன்று அடையாளங்களையும் சொன்னது. நம் வேலையில் இது எப்படித் தெரியும் என்றால், வாடிக்கையாளர் போன் வந்தாலே எரிச்சல் வரும், ஆசையாகப் போடும் மயில் டிசைனைக்கூட ஏனோதானோவென்று போட்டு முடிப்பீர்கள்.

படி 2: உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வொரு பிளவுஸுக்கும் டிரேஸ் எடுப்பது (டிசைனைத் துணியில் வரைந்துகொள்வது) முதல் ஹூக் வைப்பது வரை ஆன நேரத்தை எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம், அது எப்போதும் குறைத்தே சொல்லும். சமையல், பிள்ளைகள் போக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்றால் வாரம் ஆறு நாளில் 30. அதில் கடைக்குப் போவது, அளவு எடுப்பது, போன் பேசுவது என்று 6 மணி போய்விடும். மீதி 24. ஒரு கல்யாண பிளவுஸுக்கு 25 மணி ஆகிறதென்றால் வாரத்துக்கு ஒன்றே அதிகம். "எப்படியாவது முடித்துவிடலாம்" என்று மூன்று வாங்கினால் மற்ற இரண்டும் உங்கள் தூக்கத்திலிருந்துதான் வரும்.

படி 3: மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது?

இதைத்தான் பலரும் செய்வதில்லை. உதாரணத்துக்கு, கிராண்ட் பிளவுஸுக்கு 4,500 ரூபாய் வாங்குகிறீர்கள், கல், ஜரிகை, லைனிங் எல்லாம் 1,000 போக 3,500 நிற்கிறது. 25 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 140. கழுத்தில் மட்டும் ஒரு வரிசை போடும் சாதாரண பிளவுஸுக்கு 1,200 வாங்கி, பொருள் 250 போக 950. 5 மணி வேலை, மணிக்கு 190. பெரிய ஆர்டர் என்று பெருமைப்பட்டது உண்மையில் குறைந்த கூலி! இந்தக் கணக்கு வந்தால் கிராண்ட் வேலைக்கு விலை ஏற்றுங்கள், அல்லது எண்ணிக்கையைக் குறையுங்கள். உழைத்ததற்குப் பணம் கண்ணில் தெரியாததுதான் மனம் விட்டுப்போவதற்குப் பெரிய காரணம். ஒருவேளை விலை கேட்டு நாலு பேர் போய்விட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் இருப்பது 24 மணி நேரம்தானே.

படி 4: தேதியும் முன்பணமும்

கல்யாணத் தேதியைக் கேட்டு, அதற்குப் பத்து நாள் முன்னால் பிளவுஸை முடித்துக் கொடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பே, டிரேஸ் எடுத்த பிறகு டிசைன் மாற்றினால் தனிக் கட்டணம். சொந்தக்காரர்களுக்கும் இதேதான், "நம்ம அத்தைதானே" என்று விட்ட இடத்தில்தான் எல்லாம் குழம்பும்.

படி 5: போனுக்கு ஷட்டர்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் வேலை நேரத்தைக் குறித்து, அந்த நேரத்துக்கு வெளியே தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம், காலை 10 முதல் மாலை 6 வரை பதில் தருவேன். அவசரம் என்றால் கல்யாணத் தேதியை அனுப்பி வையுங்கள்." ராத்திரி பதினொரு மணிக்கு "அக்கா ரெடியா?" என்று வந்தால் அதுவே பேசிக்கொள்ளும்.

படி 6: ஓய்வைக் காலண்டரில் குறிப்பது

ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் முழு ஓய்வு என்று நம்ப வேண்டாம். ஆவணிக்கும் தைக்கும் வேண்டிய ஆர்டர்கள் அப்போதே வரத் தொடங்கிவிடும். அந்த மாதங்களின் தொடக்கத்தில் ஒரு வாரத்தை முன்பே அடைத்து வையுங்கள். விற்காத, உங்களுக்குப் பிடித்த ஒரு டிசைனைப் போட்டுப் பார்க்கவும் அந்த வாரம் நல்லது. மற்ற நாட்களில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் தூக்கித் தூரமாகப் பாருங்கள், கழுத்தை நிமிர்த்துங்கள்.

படி 7: ஏற்கனவே மூழ்கியிருந்தால்

இன்று புது ஆர்டர் எதுவும் எடுக்காதீர்கள். கையில் இருப்பதைத் தேதி வாரியாக எழுதி, தள்ளிப்போடக்கூடியவர்களிடம் இப்போதே பேசுங்கள், கடைசி நாளில் சொன்னால்தான் சண்டை வரும். தையல், ஹூக், ஃபால்ஸ் வேலையைத் உங்கள் தெருவில் தையல் தொழில் செய்கிறவர்களுக்குக் கூலிக்குக் கொடுங்கள். தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் டெலி மானஸ் எண் 14416க்கு அழைக்கலாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.