டெல்டாவில் புயல்மழை: காற்று கிளம்பும் முன் கிடைக்கும் இரண்டு நாள்

காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட, பெய்த தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் பெரிய கேள்வி. கல்லணைக்குக் கிழக்கே கடல்வரை நிலம் தட்டை. வடிகால் ஆறுகள் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், புயல் சமயம் பார்த்துக் கடல் எதிர்த்து நிற்கும். மேலே மழை, கீழே அடைப்பு, நடுவில் நம் வயலும் வீடும். அதனால் இங்கே செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி, மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இரண்டு நாளிலேயே முடிந்தாக வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. பதிவானது. அன்று பக்கத்து வட்டாரங்களில்கூட அந்த அளவு இல்லை. வடகிழக்குக் காற்று வங்கக்கடலின் ஈரத்தை அள்ளி வந்து, சில சமயம் கரையில் ஒரு குறுகிய பட்டையில் கொட்டிவிடும். ‘மாவட்டத்தில் பரவலாக மழை’ என்ற செய்தியை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அந்தக் குறுகிய பட்டை உங்கள் ஊர் மேலேயும் வந்து நிற்கலாம்.

அறிவிப்பைக் கேட்கும்போது

வானிலை மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை என்றால் அதற்கும் மேல். இதை வயல் கணக்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 20 செ.மீ. மழை என்பது சுமார் 8 லட்சம் லிட்டர் தண்ணீர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஓயாமல் ஓடினாலும் 22 மணி நேரம் ஆகும், அதுவும் இறைத்த தண்ணீரை விட ஓர் இடம் இருந்தால். மோட்டாரை நம்பி வாய்க்காலை விட்டுவிடாதீர்கள்.

காற்றுக்கு வேறு கணக்கு. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிர புயல், 118 தொட்டால் மிகத் தீவிர புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலின் காற்று 130 கி.மீ., இடையிடையே 145. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தென்னந்தோப்புகள் சாய்ந்தது அந்த வேகத்தில்தான். எந்தப் புயலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயலும் வடிகாலும்

வடிகாலைக் கீழிருந்து மேலாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பலர் தங்கள் வயல் ஓரத்தில் ஆரம்பிக்கிறார்கள். மேலே அடைப்பு எடுபட்டு, கீழே மதகு அடைத்தே இருந்தால், தண்ணீர் அடுத்தவர் வயலில் ஏறும், இரண்டு மணி நேரத்தில் திரும்ப உங்கள் வயலுக்கே வரும். முதலில் கடைசி மதகு, பிறகு குழாய்ப் பாலம், பிறகு வாய்க்கால், கடைசியாகத்தான் வயலின் வாய்மடை.

ஆகாயத்தாமரையை வாரிக் கரைமேலேயே போட்டால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். கரையின் மறுபக்கச் சரிவில் தள்ளிப் போடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னும் மோசம். வெட்டிய தண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விட்டுத் துளிர்க்கும். அதை மேட்டில் காயப்போட வேண்டும். ரெகுலேட்டர் ஷட்டரை யாரும் தாங்களாகத் திறக்கக் கூடாது. ஊரில் நான்கு பேர் சேர்ந்து, ஷட்டரை இயக்கும் அரசுப் பணியாளரான லஸ்கரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆற்றுக்கரையை வெட்டிவிடுவது அடுத்த ஊரை மூழ்கடிக்கும்.

வயலுக்குள் தாழ்ந்த மூலையைப் பார்த்து வரப்பில் ஒன்றரை அடி அகலத்துக்கு வாய் வெட்டி, அடியில் வைக்கோலும் கழியும் பரப்புங்கள். வெறும் மண்ணாக விட்டால் வேகமாகப் போகும் நீர் வரப்பையே அரித்துக்கொண்டு போய்விடும். மழை எச்சரிக்கை வந்த பிறகு யூரியா போடாதீர்கள், அத்தனையும் வடிகாலுக்குத்தான் போகும். பயிர்க் காப்பீட்டுக்கு சம்பாவின் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதுவும் இந்த வேலைகளோடு சேர்ந்ததுதான்.

இலை நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பயிர் தாக்குப்பிடிக்கும். முழுதும் மூழ்கி ஒரு வாரம் தாண்டினால் சாதாரண ரகங்கள் அழுகத் தொடங்கும். கலங்கல் தண்ணீராக இருந்தால் வெளிச்சம் இறங்காமல் அதற்கு முன்பே. அடிக்கடி மூழ்கும் வயலில் சி.ஆர்.1009 சப்-1, ஸ்வர்ணா சப்-1 போன்ற ரகங்களை முதலிலேயே தேர்ந்தெடுப்பது நல்லது. அவை பத்து நாளுக்கு மேலும் மூழ்கிக் கிடந்து மீளும்.

தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள். இலை மஞ்சளித்து நின்றால் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கைத்தெளிப்பானால் அடிக்கலாம். தண்ணீர் நிற்கும்போதே உரம் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அழுகிய வேர் அதை எடுக்காது.

கூரை

காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, அடியிலிருந்து தூக்குகிறது. இறவாரத்தில் புகுந்து தூக்கினால் முதலில் ஓரக் கீற்று, பிறகு வரிச்சு, பிறகு மொத்தமும் போகும். எனவே பாரம் வைப்பதைவிடக் கட்டுவதுதான் முக்கியம். கூரைமேல் செங்கல்லும் பழைய டயரும் அடுக்குவதைப் பார்க்கிறோம். 100 கி.மீ. காற்றில் அந்தச் செங்கல்தான் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தலையில் விழும்.

கீற்று வீட்டுக்கு: முகட்டுக்குக் குறுக்காக, ஒரு பக்க இறவாரத்திலிருந்து மறுபக்கம் வரை, நான்கு அடிக்கு ஒன்றாகக் கயிறு போடுங்கள். கயிறும் கீற்றும் உரசும் இடத்தில் பிளந்த மூங்கிலை நீளவாக்கில் வைத்து அதன்மேல் கயிறு போக வேண்டும். இல்லையென்றால் கயிறே கீற்றை அறுத்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். மழை தொடங்கியதும், காற்று ஏறுவதற்கு முன், ஒருமுறை போய் இறுக்குங்கள். கயிற்றின் நுனியைக் கட்டும் முளை நான்கு அடிச் சவுக்கு. மூன்று அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும், தலை வீட்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளை, ஊறிய களிமண்ணிலிருந்து வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல வந்துவிடும். மண் ஏற்கெனவே சேறாக இருந்தால் இரண்டடிக் குழி தோண்டி, மணல் மூட்டையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூட்டையைப் புதைத்து மிதியுங்கள். கடலோரத்தில் கிடைக்கும் பழைய மீன்வலையைக் கூரை முழுக்க மூடிக் கட்டுவது இதைவிடவும் நன்றாகப் பிடிக்கும்.

சிமென்ட் ஷீட் என்றால், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே-போல்ட்டுகளைப் பாருங்கள். வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். நட்டு கைக்கு அசையாத அளவு போதும், அதற்கு மேல் முறுக்கினால் துளையைச் சுற்றி ஷீட் கீறும், காற்றில் அங்கேதான் உடையும். ஓரத்து இரண்டு வரிசைதான் முதலில் போவது. அங்கே ஒரு போல்ட் விட்டு ஒரு போல்ட் என்று சிக்கனம் பார்க்கக் கூடாது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இரண்டே வேலை. மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் அடைந்த சருகை எடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள். காலியான 500 லிட்டர் தொட்டியை ஒரே ஆள் தூக்கிவிடலாம், காற்றும் தூக்கும். நிரம்பியது அரை டன்னுக்கு மேல். கரண்ட் போன பிறகு அந்தத் தண்ணீர்தான் குடும்பத்துக்கு.

தென்னைக்கும் வாழைக்கும் வழி சுருக்கம். தென்னையில் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கி, அடி மட்டைகளை வெட்டித் தலைப்பாரம் குறையுங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள், ஊறிய மண்ணில் வேர் பிடிக்காது. முக்கால் பங்கு முற்றிய வாழைத்தாரை வெட்டிவிடுங்கள், மற்றதற்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுங்கள். மாட்டைத் தறியில் கட்டி வைத்துவிட்டுப் போகவே கூடாது. கயிற்றை அவிழ்த்து மேட்டில் விட்டால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

காற்று அடிக்கும்போது

கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ இருந்தால், இருட்டும் முன் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மாத்திரைகள், தீப்பெட்டி எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாக. வீட்டில் தங்குபவர்கள் காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல் கதவை அழுத்தி அடையுங்கள். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேறக் கூரைதான் வழி.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். புயலின் கண் ஊரைக் கடந்தால், வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று நிற்கும். வானம்கூடத் தெரியலாம். அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் அப்படி இருக்கும். முடிந்துவிட்டது என்று விழுந்த மரத்தைப் பார்க்க வெளியே வருபவர்கள்தான் அடிபடுகிறார்கள். அடுத்து தெற்கிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். ஏற்கெனவே ஒரு பக்கம் ஆட்டங்கண்ட மரமும் சுவரும் அப்போதுதான் விழும். கூரையின் தென்பக்கத்துக் கயிற்றை அலட்சியமாக விடக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

ஓய்ந்த பிறகு

அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியையும் கரண்ட் இருப்பதாகவே நினையுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, மாவட்டப் பேரிடர் எண் 1077. மோட்டாருக்கு வாடகை ஜெனரேட்டர் வைத்தால், மெயின் ஸ்விட்சை இறக்காமல் வீட்டு ஒயரிங்கில் சேர்க்கவே கூடாது. அந்தக் கரண்ட் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொல்லும். திண்ணையிலும் வைக்காதீர்கள். புகை உள்ளே வந்தால் வாசனை தெரியும், அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. குறைந்தது இருபது அடி தள்ளி வையுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துவிட்டு, ஊறிய புதுத்தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். நான்கு அடி விட்ட உறைக்கிணற்றில் பத்தடி தண்ணீர் இருந்தால் சுமார் 3,500 லிட்டர், அதற்கு 9 கிராம். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை இன்னொரு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்கலாம். குடிக்க, அதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

ஈரமான வைக்கோல்போரிலும் அடுக்கிய விறகிலும் கையை நுழைக்காதீர்கள், பாம்பு இருக்கலாம். கட்டுவிரியன் ராத்திரியில் பாய்க்கே வரும். தரையில் படுப்பதைச் சில நாள் தள்ளிவையுங்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், காலை அசைக்காமல் 108-இல் ஏற்றுங்கள்.

சேதத்தை வெட்டி அகற்றும் முன், அடையாளம் தெரியும்படி வீட்டையும் வயலையும் படம் எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் பதியுங்கள். தென்னை விழுந்திருந்தால் தண்டுகளைத் தோப்பிலேயே போட்டு வைக்க வேண்டாம். மக்கும் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அந்த வண்டு தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். அறுத்து விற்க ஆள் கிடைக்காவிட்டால் துண்டு போட்டுச் சூளைக்காவது அனுப்பிவிடுங்கள்.